பானட்டில் நைனா போட்ட வட்டங்கள்

ஒருவர் ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருக்கும் தவற்றை எந்த இடத்தில் நிறுத்துவது? ஐந்து வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

போன வாரம் பொன்னேரியில் ஒரு கார் பாலிஷ் கடைக்குப் போயிருந்தோம். கடைக்காரர் எங்கள் கறுப்புக் காரின் பானட்டில் டார்ச் அடித்தார். மெல்லிய வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக எழும்பி வந்தன. "இன்னாம்மா, பாத்திரம் தேய்க்கிற நாரால தேச்சீங்களா?" என்று சிரித்தார். பிறகு பாலிஷ் டப்பாவைத் திறந்து காட்டினார். மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு அது இருபத்தோரு வயதின் வாசனை.

அப்போது பி.காம். முடித்துவிட்டு மீஞ்சூரில் இப்படி ஒரு கடையில்தான் வேலை பார்த்தேன். வருகிறவர்களிடம் பேசுவதும் பில் போடுவதும் என் வேலை. பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிறவள். மேலே மீன் வாசனை அடிக்கிறதோ என்ற பயத்தில் பவுடரை அள்ளிப் பூசிக்கொள்வேன். கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் எல்லோர் மேலும் பாலிஷ் வாசனைதான். நான் பூசியதெல்லாம் வீண்.

அங்கே கற்றுக்கொண்டது நிறைய. கீறல் நகத்தில் தட்டினால் ஆழம், பாலிஷில் போகாது. கைக்குத் தட்டாமல் வெயிலில் மட்டும் தெரிந்தால், அது தேய்த்ததால் வந்த வட்டம், போய்விடும். போய்விடும் என்றால் கீறல் நிரம்பிவிடுவதில்லை. சுற்றியுள்ள பூச்சை அந்த ஆழத்துக்குத் தேய்த்துச் சமமாக்குகிறார்கள், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு பாலிஷுக்கும் மேல்பூச்சு கொஞ்சம் மெலியும். "தண்ணி ஊத்தி மண்ணைப் போக்காம துணி வைக்காதீங்க சார்" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அன்றைக்குக் கையில் டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய காரில் முதல்முறையாக ஊருக்குப் போயிருந்தோம். ஏரியில் முறை வைத்து வலை போடுவதை நாங்கள் பாடு என்போம். அன்று வேறு ஆட்களுடைய பாடு. அதனால் என் அப்பா, நைனா, வீட்டிலேயே இருந்தார். வழியெல்லாம் புழுதி, உப்புக்காற்று வேறு. காரைப் பார்த்ததும், "உப்பு குந்தினா இரும்பு தாங்குமா?" என்று எழுந்து போனார். அறுந்த நைலான் வலையைச் சுருட்டிய உருண்டை, ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு பிடி மணல். ஃபைபர் படகின் அடியில் ஒட்டும் பாசியையும் சிப்பியையும் நாங்கள் அப்படித்தான் தேய்த்து எடுப்போம். படகைத் தேய்த்துக் கொடுப்பது பிரியமானவர்களுக்குச் செய்யும் காரியம்.

பானட்டில் ஒரு தட்டுத் தட்டி, "இன்னாடி கருப்பி, சொகமா கீறியா?" என்று கேட்டுவிட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு அத்தை விடவில்லை. "இன்னா அண்ணே, உன் போட்டைக்கூட இப்டி தேச்சதில்லியே! மாப்ளைன்னா அவ்ளோ பயமா?"

"பயம் இன்னா பயம்? என் பொண்ணு ஏறி வர்ற வண்டி இது."

முதல் வட்டம் விழுந்ததை நான் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இத்தனை பேர் எதிரிலா என்றும் நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் பானட் முடிந்து அவர் கதவுக்குப் போய்விட்டார். கடைசியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர், "விடு, பழைய வண்டிதானே" என்றார். நானும் விட்டிருக்கலாம். அடுத்த முறை போனபோது நைனா வலை உருண்டையை எடுத்ததும், மீஞ்சூர் கடைக் குரலில் சொன்னேன்: "வலையால தேய்க்கக் கூடாது நைனா. போன தடவ தேச்சதுல பானட் பூரா கீறல்."

அப்போதே அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. உள்ளங்கையை பானட்டில் வைத்து மெதுவாகத் தடவினார். "வழவழன்னுதான கீது பாப்பா?"

"கைக்குத் தெரியாது நைனா. வெயில்ல பாத்தாத்தான் தெரியும்."

குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம், "தெரியாம பண்ணிட்டேன் மாப்ள" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியைத் தொடவே இல்லை. நாங்கள் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் மூன்று வயது மகள் கார்க் கதவைப் பிடித்தால், "தொடாத கண்ணு, கீறல் வுழும்" என்று தள்ளி நிறுத்துவார். சொல்வது அவர், குரல் என்னுடையது. பானட்டில் விழும் அந்தத் தட்டு இப்போது இல்லை. கருப்பி என்ற பேரையும் யாரும் சொல்வதில்லை.

அடுத்த மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரித்ததும் இந்தக் காரில்தான் அழைத்து வர வேண்டும். "கண்ணு தெளிஞ்சா மொதல்ல அந்த பானட்டைத்தான் பாக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் பாலிஷ் கடைக்கு ஓடினேன். பழைய ஓனர் ஏற்கெனவே பாலிஷ் போட்ட வண்டியாம். "இன்னொரு தபா தாங்கும். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் முடிவை என்னிடம் விட்டுவிட்டார்.

பாலிஷ் போட்டுவிட்டால் அவர் தேடிப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. நிம்மதியாவாரா, இல்லாத கீறலுக்கா ஐந்து வருடம் கையைக் கட்டி நின்றேன் என்று நினைப்பாரா? பாலிஷ் போட்டோம் என்று உண்மையைச் சொன்னால், அவ்வளவு பெரிய சேதமா என்று உடைந்துபோவார். அப்படியே விட்டால், தெளிந்த கண்ணுக்கு முதலில் தெரிவது அவருடைய தவறாக இருக்கும். ஒருவேளை பார்த்துவிட்டுச் சிரிப்பாரோ என்னவோ.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருக்கலாம். அவர் கண் திறக்கும்போது அந்த பானட் எப்படி இருக்கட்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் யோசித்தால் இரண்டு பக்கமும் சரியாகவே தெரிகிறது.