வீட்டில் எத்தனை குட்டி

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தது படிப்பதற்காக அல்ல, எண்ணிக்கைக்காக. அந்த நன்றியை மறக்காமல் நானும் இன்றுவரை எண்ணிக்கையில் ஒருவனாகவே இருந்துவருகிறேன்.

கேரள எல்லைக்குள், பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழுக்கென்று ஒரு பிரிவு இருந்தது, மற்றதெல்லாம் மலையாளம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஓர் ஆபீசர் வந்து தலைகளை எண்ணுவார். குறைந்தால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவார்கள். அந்த வருஷம் ஒரு தலை குறைந்தது.

அக்கா அப்போது மூன்றாம் வகுப்பு. பிரிவை மூடினால் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி, தமிழ்நாட்டுக்குள் பஸ்ஸில் போய்த்தான் தமிழ் படிக்க வேண்டும். அப்பா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பொட்டப்புள்ளைய பஸ்ஸுல உட்டுப் படிக்க வெக்கோணுமாக்கும்? ஊட்டுல இருந்து ஆட்டைப் பாக்கட்டும்."

பஸ் போர்டு எந்த மொழியில் இருந்தாலும் அம்மாவுக்குப் படம்தான். மகளுக்கு ஒன்றாவது எழுத்தாகத் தெரியட்டும் என்று நினைத்திருப்பாள். பேசாமல் என்னைத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டினாள்.

எனக்கு நாலு வயதுதான். ஐந்து ஆகிவிட்டதா என்று பார்க்க, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். என் கையோ சின்னது. தலை பெரிது, உள்ளே காற்றோட்டத்துக்கு நிறைய இடம் விட்டுக் கட்டியது. தலையைச் சாய்த்துத் தொடும் வித்தையை அக்காதான் பழக்கினாள். எட்டாதபோதெல்லாம் அந்தக் காதைப் பிடித்துத் திருகி, "இதத்தான்டா தொடோணும், எருமை!" என்பாள்.

ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்டவர், தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. எண்ணிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். கையைத் தூக்கத் தயாரானேன். அவரோ குனிந்து, பிரியமாகக் கேட்டார்.

"மோனே, வீட்டில் எத்ர குட்டிகளுண்டு?"

இது எனக்குத் தெரிந்த கேள்வி.

"மூணுங்க சார். நாலு பொறந்துது, ஒண்ணு செத்துப்போச்சு."

அவர் முகம் மாறியது. "அய்யோ! எப்போ?"

"போன வாரமுங்க. அப்பா வாய்க்கா ஓரத்துல குழி நோண்டிப் பொதச்சுட்டாரு."

கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கி மூணு?"

"பெருசானா பொள்ளாச்சி சந்தையில வித்துருவோமுங்க."

அதற்குமேல் அக்காவால் உட்கார முடியவில்லை. பின்னாலிருந்து எழுந்து கத்தினாள். "ஆட்டுக்குட்டிங்க சார்! அவனுக்கு மலையாளம் தெரியாதுங்க!"

மலையாளத்தில் குட்டி என்றால் பிள்ளை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆபீசர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தமிழ் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. இவனை மலையாள வகுப்பில் உட்காரவைத்தால் எந்தப் பாடம் சார் இவனுக்குப் புரியும் என்று மலையாளத்திலேயே மெதுவாகக் கேட்டார். சிரிப்பு நின்றது. ஆபீசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, என்னையும் சேர்த்து எண்ணினார். கணக்குச் சரியாகி, தமிழ்ப் பிரிவு தப்பித்தது.

காதைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானாகத் தலையைச் சாய்த்துத் தொட்டுக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, எப்போதும் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடக்கிற அக்கா, அன்று இடுப்பில் தூக்கிக்கொண்டாள். தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. செத்துப்போன குட்டியைத் தேவையில்லாமல் ஞாபகப்படுத்திவிட்டேனே என்று நினைத்தேன்.

"அழுவாத அக்கா," என்று அவள் கன்னத்தைத் துடைத்தேன். "ஆடு இன்னொன்னு போடுமுல்ல."

அவள் இன்னும் பலமாக அழுதாள்.