வடிவுக்கு வந்த கோபம்

குற்றாலம் மெயினருவியில் சீசன் கூட்டத்தை வரிசையில் நிறுத்துகிற போலீஸ்காரி உமாராணிக்கு, விசில் ஊதுகிற நேரத்தைவிடப் போன் அடிக்கிறதா என்று பார்க்கிற நேரம்தான் அதிகம். தென்காசியில் எல்.கே.ஜி. படிக்கும் மகள் வடிவு இந்த மாதத்தில் மட்டும் இரண்டு பிள்ளைகளைக் கடித்துவிட்டாள்.

இறந்துபோன தன் அப்பா சுடலையாண்டியின் நினைவாகத்தான் உமாராணி மகளுக்குச் சுடலைவடிவு என்று பேர் வைத்தாள். வைத்தது வினையாகப் போயிற்று. பிள்ளை சோற்றுத் தட்டை வீசினால் உமாராணியின் அண்ணன் காமராஜ் கைதட்டிச் சிரிப்பான்.

"பாத்தியாட்டி, அப்பா வந்துட்டாரு! அதே மூக்கு, அதே கோவம்!"

சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொல்லிக் கொஞ்சுவார்கள். உமாராணிக்கோ பயம்தான் வரும். அந்தக் கோபத்தின் அருமை, அதனிடம் அடி வாங்கி வளர்ந்தவளுக்கல்லவா தெரியும்? மூக்கு வந்த வழியிலேயே அதுவும் வந்துவிட்டதென்றால் பிள்ளையின் கதி என்ன? காமராஜ் தெருமுனை தாண்டியதும் இவள் மகளைச் சாத்துவாள்.

"உங்க அண்ணன் கொஞ்சுதாரு, நீ அடிக்க. பிள்ள எதைன்னு எடுத்துக்கிடும்?" என்பான் கணவன் மணிமுத்து. "கோவம் ரத்தத்துல வந்ததாவே இருக்கட்டும், வளக்கது நாமதான?"

சொல்லிவிட்டு அவன் பஸ் ஓட்டப் போய்விடுவான். பேசுகிறவனுக்கு என்ன, என்று இவள் முணுமுணுப்பாள்.

அன்று பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மூன்றாவது கடி. இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, யூனிபார்மோடு ஸ்கூட்டியை விரட்டினாள். வழியெல்லாம் ஆட்டோக்காரனையும் கார்க்காரனையும் ஏசிக்கொண்டே போனாள். வாசலில் வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமை இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள்.

"பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கிட்டான் மேடம், அதான்..." என்று டீச்சர் மஞ்சு ஆரம்பித்தாள். உமாராணி அதைக் காதில் வாங்கவே இல்லை.

"ஏட்டி! எத்தன தடவ சொல்லுதேன்?" என்று கையை ஓங்கினாள்.

வடிவு ஓடவில்லை, அழவுமில்லை. கண்ணை இறுக மூடி, தோளைக் காதுவரை தூக்கி, இடது கன்னத்தைத் தயாராகக் காட்டிக்கொண்டு நின்றாள்.

உமாராணி ஆடிப்போனாள். அப்பா கையை ஓங்கும்போதெல்லாம் அவளும் அச்சு அசலாக இப்படித்தான் நின்றிருக்கிறாள். இத்தனை நாளும் பிள்ளையிடம் அவரைத் தேடித் தேடிப் பயந்தாளே, அவர் இருந்தது இந்தக் கையில்.

கையை மெல்லக் கீழே இறக்கினாள். வடிவு இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.