உப்பில்லாத வீடு

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். கையில் என்ன மருந்து ஏறுகிறது என்று நர்ஸிடம் கேட்டேன்.

"மருந்தில்ல, உப்புத் தண்ணிதாம்மா."

பெரியம்மா வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அவள் மகன், கடற்படையில் அதிகாரியாக இருந்த எங்கள் அண்ணன், சண்டையில் கப்பலோடு முழுகிப்போனான். உடம்பு கிடைக்கவில்லை. அன்றோடு அந்த வீட்டில் உப்பு நின்றது. கம்மங்கஞ்சி, புளிக்குழம்பு, விருந்தாளிக்குப் போடும் சோறு, எதிலும் கிடையாது. வந்தவர்களும் அதையே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தூத்துக்குடி உப்பு வண்டி தெருவுக்குள் நுழைந்தால் பெரியம்மா கதவைச் சாத்துவாள்.

கரிசல் காட்டை விட்டால் வேறொன்றும் அறியாத சிறுமி நான் அப்போது. ஏன் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, அவன் அந்தத் தண்ணிலதான கரைஞ்சு கெடக்கான். அதக் காயவச்சு எடுத்தத நான் எப்படி வாயில வைக்க?"

லீவில் வரும்போதெல்லாம் இலையில் இன்னொரு தடவை உப்பு கேட்டு வாங்குகிறவன் அவன்.

ஊசி வழியே ஒரு குளிர்ச்சி முழங்கை தாண்டி மெல்ல ஏறுகிறது. என் உடம்பு நடுங்குவதைப் பார்த்துவிட்டு நர்ஸ் ஓடி வந்தாள்.

"குளிருதாம்மா? நிப்பாட்டவா?"

"வேண்டாம்மா," என்றேன். "அண்ணன் வரட்டும்."