பதினேழு புரோகிராம், ஒரே கட்டளை

புரோகிராம் எழுதுவது பாதி வேலை, எழுதியதை ஓட வைப்பது மீதி ஒன்றரை வேலை என்று, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட நிறுவனம் ஒன்றில் எனக்கு அந்த வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொன்றாக

ஆலையின் எடைமேடையில் பழக்குலை லோரிகளை நிறுக்கப் பதினேழு புரோகிராம்கள் இருந்தன. ஒரு வரி மாறினாலும் பதினேழையும் ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து, அதாவது கம்பியூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, ஒன்றாகச் சேர்த்து, டிஸ்கெட்டில் போட்டு, வேனில் ஆலைக்கு அனுப்ப வேண்டும். எதுவும் விட்டுப்போகாமல் இருக்கத் தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போவேன். அலுவலகத் தலைவர் நடராஜா யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். என் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"பிள்ளை, வேலை குறையும் எண்டுதான் கம்பியூட்டர் வாங்கினது. இப்ப அதுக்கு ஒரு ஏர்கோன், அதோட மாரடிக்க நீர். குறைஞ்சது எங்க?"

தானாக

கட்டளைகளை வரிசையாக ஒரே கோப்பில் எழுதிவைத்தால் கம்பியூட்டர் தானே ஒவ்வொன்றாகச் செய்யும் என்று கையேட்டில் படித்தேன். மூன்று வாரம் முட்டிமோதினேன். கடைசியில் ஒரே கட்டளையைத் தட்டினால் போதும், எல்லாவற்றையும் கம்பைல் செய்யும். விடை தெரிந்த பத்துப் பழைய லோரிச் சீட்டுகளை வைத்துச் சோதிக்கும். சரியாக வந்தால் டிஸ்கெட்டில் ஏற்றும். முதன்முறை அது முடிந்தபோது யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பக்கத்து மேசை டைப்பிஸ்ட் மல்லிகாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அப்போ நீ இனிமே எதுக்குலா?"

நிற்காமல்

ஐந்தாம் மாதம் ஒரு புதிய தோட்டத்தின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தேன், கட்டளையைத் தட்டினேன், தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டிஸ்கெட் தயாராக இருந்தது. வேனில் அனுப்பிவிட்டேன்.

நான் சேர்த்த வரியில் ஒரு முற்றுப்புள்ளியைப் போடாமல் விட்டிருந்தேன். அதனால் ஒரு புரோகிராம் கம்பைல் ஆகவில்லை. பிழை வந்தால் நிற்கும்படி நான் எழுதவில்லையே! அது போன வாரத்துப் பழைய பிரதியை எடுத்துச் சேர்த்துக்கொண்டது. சோதனைச் சீட்டுகளும் பழையவை. பழையதைப் பழையதால் சோதித்தால் எல்லாம் சரியாகத்தானே வரும்! பறித்த குலையை வெயிலில் போட்டுவைத்தால் கெட்டுவிடும். எடைமேடைக் கிராணி முனியாண்டி போன் செய்தார்.

"மிஸ், பதினோரு லோரி வெளிய நிக்குது. அப்படி ஒரு தோட்டமே இல்லைங்குது உங்க புரோகிராம். டிரைவருங்க அங்கேருந்துதான் வர்றோம்ங்கிறாங்க. நான் யாரை நம்பறது?"

நின்று நின்று

அன்று எடைகளைக் கையால் எழுதிச் சமாளித்தார்கள். நான் பழைய பிரதிகளை முதலில் அழிக்கவும், பிழை வந்த இடத்திலேயே நிற்கவும் கட்டளையை மாற்றினேன். புதிய தோட்டத்துச் சீட்டையும் சோதனையில் சேர்த்தேன். தவறு என்னுடையது என்று வாயால் சொல்ல வராமல், எழுதி நடராஜாவின் மேசையில் வைத்தேன். அந்த வாரம் கட்டளை நான்கு முறை நின்றது. நான்கிலும் பிழை என்னுடையதுதான். ஆறாம் மாதக் கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டார். என் வேலைக் கோப்பு அவர் மேசையில் திறந்திருந்தது.

"முந்தி பிழையோட கெதியாப் போச்சுது, இப்ப நிண்டு நிண்டு சரியாப் போகுது. நிக்கேக்க பாக்க ஒரு ஆள் வேணும். இன்னும் மூண்டு மாசம் இரும் பிள்ளை, பிறகு நிரந்தரத்தைப் பற்றிக் கதைப்பம்."

ஆக, ஆளே தேவைப்படாத ஒன்றைச் செய்து கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது, அதன் பக்கத்தில் மேலும் மூன்று மாதம் உட்கார்ந்திருக்கும் வேலை.