அரிசிக்குள் மூன்று பாஸ்போர்ட்

பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினால் விமானத்தில் ஏற்றுகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். எங்கே வாங்கப்போகிறாள் என்ற தைரியம்தான். வாங்கிவிட்டாள். அப்புறம் ஒரு நாள்கூட அவள் என்னைச் சும்மா விடவில்லை. பாஸ்போர்ட் கைக்கு வந்து சேர்வதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இலங்கை என்றார்கள். நான், மனைவி, மகள், மூன்று பேரும் கிளம்பினோம்.

கேரளத்தில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்து வீடு எங்களுடையது. ஸ்டோரில் ஏலக்காயை உலர்த்துவது என் வேலை. மனைவி காய் எடுக்கப் போகிறவள். ஈரத்தோடு மல்லுக்கட்டித்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. மழைக்காலத்தில் வீட்டுச் சுவர் வேர்க்கும், பீரோவுக்குள் துணி நாறும். ஒரு வருடம் ரேஷன் கார்டில் பூஞ்சை பிடித்து, அதில் இருந்த மனைவியின் படமே தெரியாமல் போயிற்று. ஆபீசில் அவளையே எதிரே நிற்க வைத்துக்கொண்டு, படத்தில் இருப்பது யார் என்று மலையாளத்தில், "இதாரா?" எனக் கேட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் முக்கியமான காகிதம் எதுவானாலும் பாலித்தீன் உறையில் சுற்றி, துணியில் முடிந்து, அரிசி டிரம்முக்குள் கைவிட்டுப் புதைத்துவிடுவாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அங்கேதான் கிடந்தது.

பயணத்தின் கடைசியில் மூன்று இரவுகளை நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கழித்தோம். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் தன் வீட்டு முன்னறையை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். முதல் நாள் கதவைத் திறந்ததும் மூஞ்சியில் மூடுபனி அடித்தது. மகளுக்குக் கோபம். "கடல் தாண்டி வந்து மறுபடியும் கம்பம்மெட்டயா பாக்கணும்?" என்றாள். என் மனைவிக்கோ அதுதான் பிடித்திருந்தது. சாயங்காலம் அந்தப் பெண் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தார்கள். அட்டைக்கடிக்கு அங்கே என்ன தேய்ப்பார்கள், இங்கே என்ன தேய்ப்பார்கள் என்று பேசிப் பேசி அக்கா தங்கச்சி ஆகிவிட்டார்கள். வேற்று நாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு இல்லை. கஷ்டமும் அதனால்தான் வந்தது.

மூன்றாம் நாள் மகள் போனைப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். பிளஸ் ஒன் அலாட்மென்ட் வந்துவிட்டது. அவள் ஆசைப்பட்ட பயாலஜி, அவள் கேட்ட பள்ளிக்கூடம். நர்சிங் படிப்பது என்று ஐந்தாம் வகுப்பிலேயே முடிவு செய்தவள் அவள். நாங்கள் ஊர் போய்ச் சேருகிற மறுநாள் மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழோடு நேரில் போய்ச் சேர வேண்டும். தவறினால் சீட் போய்விடும். "அதான் முந்தின நாளே போயிருவோம்ல?" என்றேன் நான், பெரிய மனுஷன் மாதிரி.

நான்காம் நாள் காலையில் இறங்கி, பஸ் மாறி மாறி, மூன்று மணிக்கு நீர்கொழும்பு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு விமானம். லாட்ஜில் பேர் எழுதுகிற பையன் பாஸ்போர்ட் கேட்டான். மனைவியைப் பார்த்தேன். அவள் பையைத் திறந்தாள், துழாவினாள். பிறகு கை அப்படியே நின்றது.

"அரிசிக்குள்ள வச்சேன்," என்றாள்.

"எந்த அரிசிக்குள்ள?"

"அந்தப் பிள்ளை வீட்டு டிரம்முல. ஒரே ஈரமா இருந்துச்சா... கை தானா போயிருச்சு."

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. லாட்ஜில் அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "நம்மூர்ல அரிசி டிரம்முன்னா, போற எடமெல்லாம் அரிசி டிரம்மா? பிள்ளை படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இனிமே ஒரு காகிதத்தத் தொட்டுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு!" அவள் பையை மூடினாள். மகள்தான், "அப்பா, போதும்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. சீட் போய்விடும் என்பதற்காகவா, அம்மாவை நான் பேசிய பேச்சுக்காகவா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. மலையில் நிற்பாள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவள். பதினோரு தடவை அடித்தேன். நானே திரும்பி மலையேறினால் போய்ச் சேரவே இருட்டிவிடும், விடிவதற்குள் இறங்கி வர முடியுமா என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். மனைவி எடுத்தாள்.

"அக்கா, ஒங்க பொதி என் கையிலதான் இருக்கு. பயப்படாதீங்க."

தபாலாபீசுக்குப் போக அவளுக்கு அடையாள அட்டை வேண்டியிருந்திருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் அதை எடுக்க அரிசிக்குள் கையை விட்டிருக்கிறாள். வந்தது எங்கள் முடிச்சு. அவளும் தன் காகிதங்களை அங்கேதான் வைக்கிறாள். போன் சத்தம் பெரிதாக இருந்ததால் எனக்கும் கேட்டது. வெட்கமாகிவிட்டது.

நான் போனை வாங்கி, "நான் கிளம்பி வாறேம்மா," என்றேன்.

"நீங்க வந்து திரும்புறதுக்குள்ள பிளேன் போயிரும்ணே. நான் ராவு பஸ்ஸில ஏறி விடியக்காலம் வந்துர்றேன்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மூன்று பேரும் பஸ் நிலையத்தில் நின்றோம். ஐந்தே முக்காலுக்கு வந்த பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினாள். மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றக்கூடத் தோன்றாமல், கடற்கரைப் புழுக்கத்தில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. மடியிலிருந்து முடிச்சை எடுத்து என் மனைவி கையில் வைத்தாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். நேற்று நான் திட்டியபோது வராத அழுகை அது.

ஒரு டீ குடித்தாள், அவ்வளவுதான். பஸ் காசாவது வாங்கிக்கொள் என்றதற்குக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாதா? போகும்போது என் பக்கம் திரும்பி, "அக்காவ ஏசாதீங்கண்ணே. மழையில கெடக்கிற நமக்கு வேற எங்க எடம் இருக்கு?" என்றாள். நான் ஏசிவிட்டேன் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

விமானம் கிடைத்தது. மதுரை வெயில், கம்பம் வரைக்கும் பஸ், அங்கிருந்து ஜீப். வளைவு வளைவாக ஏற ஏற குளிர்காற்று வந்தது. மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மனைவியோடு பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஜீப்பில் ஆட்கள் இருந்தார்கள் என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பேசாமலே வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை சான்றிதழ் எடுக்க வேண்டும். மனைவி டிரம் பக்கம் போகவே இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, "நீங்களே எடுத்துக்குங்க, நான் தொடல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முழங்கை வரைக்கும் அரிசிக்குள் விட்டுத் தேடினேன். சான்றிதழ் மொடமொடவென்று, நேற்று அச்சடித்தது போல வெளியே வந்தது. அதிலிருந்த அரிசியை உதறிவிட்டு, "இவ்வளவு நாளா நீ காப்பாத்தி வச்சதுதான். நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என்னுது," என்றேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்குள் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். ஆபீசை விட்டு வெளியே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், இலங்கைக்குப் போன் போட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் எழுந்து நின்று நன்றி சொன்னபோது, பெயர் சொல்லாமல் அந்தத் தங்கச்சியைத்தான் சொன்னேன். முன்பின் தெரியாத எங்களுக்காக ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள். என் வீட்டில் ஒரு நர்ஸ் உருவானால் அதில் அவளுக்கும் பங்கு உண்டு.

அன்று மத்தியானம் அவள் போன் செய்தாள். பெண்கள் இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, பாஸ்போர்ட்ட இப்ப எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

நான் போன் பக்கம் குனிந்து, "அரிசிக்குள்ளதான் தங்கச்சி. நான்தான் வச்சேன்," என்றேன்.