மொட்டைக்கல்லில் ஜெமீலா

சாய்ந்தமருதில் ஜெமீலாவின் வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்களில் சிலருக்கு இப்போது பிள்ளைகளே இருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக வேன் ஓட்டுகிறாள். கணவர் றமீஸ் கட்டாரில் கட்டட வேலை செய்த காலத்தில் தொடங்கிய தொழில் அது. அவர் ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அவள் விடவில்லை.

போன வருடம் மழை நாளொன்றில் குசினி வாசலில் வழுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே இரும்புத் தகடு வைத்தார்கள். இனி வீட்டோடு இருக்கச் சொன்னவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, விழுந்ததிலிருந்து நான்காம் மாதம், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கடற்கரை மணலில் நடக்கத் தொடங்கினாள். முதல் நாள் ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணி வரைதான் முடிந்தது. எட்டாம் மாதம் வேனை மறுபடி எடுத்தாள்.

இந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு, வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்த இழுவைப் பெட்டியை வேனுக்குப் பின்னால் பூட்டினாள். இரண்டு சில்லு, தகரக் கூரை, உள்ளே இரண்டு படுக்கை, கதவோரம் காஸ் அடுப்பு. றமீஸுடன் மேர்சியாவும் வந்தார். கல்முனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி'. முறிந்த காலோடு கிடந்தவளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கப் பழக்கியது அவர்தான்.

பொத்துவிலைத் தாண்டிப் பாணமைப் பக்கம் போனால், பள்ளிப் பிள்ளைகள் மொட்டைக்கல் என்று சொல்லும் பாறை இருக்கிறது. அதன் அடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நிரோசனின் வளவில் பெட்டியை நிறுத்தினார்கள். பெண்கள் இருவரும் பெட்டியில் படுத்தார்கள், றமீஸ் வேனில்.

"ஏறி இறங்கிப் போட்டுத்தான் ஊருக்குப் போற" என்று ஜெமீலா புறப்படும்போதே சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். பாதையோரத்துக் குளத்தில் ஓர் ஒற்றை யானை நின்றது. நிரோசன் ஓடிவந்து மறித்தான். "இப்ப போகாதீங்க. தனியன். அது தன்ட பாட்டுல போகட்டும்."

அது போவதற்கு ஒன்பதரை ஆகிவிட்டது. அதற்குள் பாறை கொதிக்கத் தொடங்கியிருந்தது.

"கீழ நிண்டே வடிவாத் தெரியிதுதானே" என்றார் றமீஸ். "அறுகங்குடாவப் பாத்திட்டு அப்பிடியே ஊருக்குப் போவம்."

"அறுகங்குடாவப் பாப்பம். அசருக்குப் புறகு வந்து ஏறுவம்" என்றாள் ஜெமீலா.

என் கால்மீது இவருக்கு நம்பிக்கை இல்லை என்று அவளுக்குள் ஒரு கோபம். அறுகங்குடாவில் வெள்ளைக்காரர்கள் பலகையில் நின்றபடி அலையில் வழுக்கி வந்ததைப் பார்த்தார்கள். கடலை ஒட்டிய களப்பில் முதலை ஒன்றின் முதுகு தெரிந்தது. பொரித்த மீனோடு சோறு தின்றார்கள். றமீஸ் பாதிச் சோற்றை ஒதுக்கி வைத்தார்.

திரும்பி வந்து, பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, நிழல் விழுந்து சூடு தணிந்திருந்த பக்கமாக ஏறினார்கள். கொஞ்ச தூரம் கல்லில் வெட்டிய படிகள் இருந்தன. பிறகு வெறும் சரிவு. வலது காலை ஊன்றி உடம்பைத் தூக்கப் பார்த்தாள். கால் நடுங்கியது. மறுபடி ஊன்றினாள், மறுபடியும் நடுங்கியது.

"ஏலாட்டிச் சொல்லுங்க ஜெமீலா. வெக்கப்பட ஒண்டுமில்ல" என்றார் மேர்சியா.

"நிண்டு ஏறத்தான் ஏலாது மிஸ்ஸி."

அபாயாவின் கரையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் இடது குதிகாலையும் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளினாள். ஒரு சாண் மேலே போனாள். அடுத்து இன்னொரு சாண். கைத்தோல் உரிந்து எரிந்தது. கீழே மேர்சியா, அவருக்கும் கீழே றமீஸ். அரைமணி நேரத்துக்கு மேல் அப்படியே போனாள்.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அறுவடைக்கு முற்றிய வயல், நடுவே களப்பு. கணவருக்குக் காட்டத் திரும்பினாள். றமீஸ் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பாறையைப் பற்றியபடி குந்தியிருந்தார். சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"இஞ்சேருங்க, என்ன செய்யிது?"

 அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கட்டார்ல பதினேழாம் மாடில, கட்டடச் சாரத்துல நிண்டு வேல செஞ்ச. பக்கத்துல நிண்ட நேபாளத்து ஆள் விழுந்திட்டான். அதுக்குப் புறகும் நாலு வருசம் அதே வேலதான். மேல ஏறுற ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் இரிந்த."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா வரச் சொல்லியிரிப்பாய்."

"ஓம். சொல்லியிரிப்பன்."

அந்த நாலு வருடமும் தொலைபேசியில் அவர் "வேல சுகம்" என்றே சொல்லியிருந்தார். அவளும் வேறொன்றும் கேட்டதில்லை. காலையிலிருந்து இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனிதரைப் பத்திரமாகக் கீழே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

"கண்ணத் துறங்க. கீழ பாக்க வேணாம், என்ட முதுக மட்டும் பாருங்க. தோளப் புடிங்க."

இருவரும் உட்கார்ந்தபடியே இறங்கினார்கள். அவள் முன்னே, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னே. கால் வைக்கும் இடத்தை மேர்சியா கீழிருந்து சொல்லிக்கொண்டே போனார். பாதி வழியில் றமீஸின் விரல்கள் தோளில் இறுகின. "கொஞ்சம் நில்லு" என்றார். நின்றார்கள். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அவராக "சரி, போவம்" என்றதும்தான் ஜெமீலா குதிகாலை நகர்த்தினாள்.

வெயில் மஞ்சளாக இருக்கும்போதே வளவுக்கு வந்து சேர்ந்தார்கள். மேர்சியா அவள் கைகளைக் கழுவி மருந்து போட்டார். றமீஸ் இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, விழுந்து போன அந்த நேபாளத்து மனிதரின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கினார். ஜெமீலா அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.