தட்டின் விளிம்பில் ரொட்டித் துணுக்கு

பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவர்கள் மேல் கிராம்பு எண்ணெய் வாசனை ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். இவெத் அங்கே மருந்து தொடுகிறவள் அல்ல. முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, போனை எடுத்துப் பேசி, வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்கிறவள். ஆனாலும் வாசனை ஆள் பார்த்தா ஒட்டுகிறது? மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மட்டும், கிளம்புவதற்கு முன்னால் எலுமிச்சைத் துண்டால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அன்று ஒயின் விருந்து. அந்த மேசைக்கு யாரும் செண்ட் பூசிக்கொண்டு வரக்கூடாது, சிகரெட் பிடித்துவிட்டு வரக்கூடாது. கிராம்பும் கூடாது.

அந்த வியாழக்கிழமை அவளுக்குக் கையைக் கழுவும் தெம்புகூட இல்லை. பனிக்காலம் தொடங்கியதும் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பல் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. வெளியே வந்தபோது அவள் கணவன் ரெமோன் காருக்குள் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பாட்டில், பழைய கால்பந்து காலுறைக்குள் கழுத்துவரை நுழைந்திருந்தது. எந்த ஊர் ஒயின் என்று யாருக்கும் தெரியக்கூடாது. குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் விருந்தின் விளையாட்டு.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"ஒரு பொடியன் டாக்டர் விரலைக் கடிச்சிட்டான்."

"நல்ல பல்லாத்தான் இருந்திருக்கு. அப்புறம் எதுக்கு அங்க வந்தான்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியைத் திருகினாள். திராட்சைத் தோட்டங்கள் இலையெல்லாம் கொட்டி, சரிவு முழுக்கக் குச்சி குச்சியாக நின்றன.

"ரெமோன், இன்னைக்குச் சொல்லிடு."

"என்னத்தை?"

"தெரியாத மாதிரி கேட்காத. உனக்கு வாசனை தெரியலைன்னு அவங்ககிட்ட சொல்லிடு. என்னால முடியலை. நாள் பூரா பல்லு, ராத்திரி உனக்குப் பதிலா மூக்கு."

அவன் காலுறையின் மடிப்பை நீவிவிட்டான். "இன்னைக்கு லூசியான் பாட்டில் கொண்டுவரான். அவனுக்குக் கல்யாணம் ஆன வருஷத்து ஒயின். இன்னைக்குப் போயா சொல்றது? அடுத்த மாசம் கண்டிப்பா."

அடுத்த மாசம். ரெண்டு வருஷமாக அந்த அடுத்த மாசம் வந்துகொண்டே இருக்கிறது.

ரெமோன் தபால்காரனாக இருந்தவன். அவனுடைய பாதை முழுக்கத் தோட்டக்காரர்களின் வீடுகள். ஒவ்வொரு கேட்டிலும் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கிளாஸ் நீளும். மறுக்க மாட்டான். இப்படியே முப்பது வருஷத்தில் எந்தச் சரிவு, எந்த மண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மூக்கு அவனுக்கு வாய்த்தது. ஊரே அவனை 'மூக்கு' என்றுதான் கூப்பிட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் செர்ரி மரத்தில் ஏறியவன் ஏணியோடு சாய்ந்தான். தலையில் அடி. காயம் ஆறிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காலை, காபிக் கோப்பையை முகர்ந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "வெந்நீர் குடுத்திருக்கியா?" என்று கேட்டான். டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். வரவில்லை.

அந்த மாதம் இவெத்தான் வழி கண்டுபிடித்தாள். ஒரு தடவைதானே என்று. அவளுடைய தட்டுதான் வரைபடம். அந்த ஊர்ச் சரிவு வடக்கிலிருந்து தெற்கே ஒரே கோடாகப் போகிறது. வடக்கு ஊர் ஒயின் என்று பட்டால் ரொட்டித் துணுக்கைத் தட்டின் மேல் விளிம்பில் வைப்பாள், தெற்கு என்றால் கீழ் விளிம்பில், நடுவூர் என்றால் பக்கவாட்டில்; விளிம்பில் எவ்வளவு தள்ளி என்பதை வைத்து எந்த ஊர் என்று அவன் கண்டுகொள்வான். கார்க்கில் பூஞ்சை ஏறி ஒயின் கெட்டுப்போயிருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ரெமோன் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் அந்த மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வண்டி ஓட்டுகிறவள் என்பதால் வாயில் வைத்துக் கொப்பளித்து, பக்கத்தில் இருக்கும் சின்னத் தகர வாளியில் துப்பிவிடுவாள். துப்புகிறவரிடம் அங்கே யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேவலப்படுத்துவதற்காக அல்ல, அப்படியே பழகிப்போயிற்று.

ஒதீலின் உணவகம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். ரயில் போகும்போது கிளாஸ்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொள்ளும். ஒதீல் கணவன் போனபிறகு தனியாகவே நடத்துகிறாள், சமையலும் அவளேதான். உள்ளே நுழைந்ததும் காப்பீட்டுக் கம்பெனி பஸ்கால் கத்தினான்.

"வந்துட்டாருய்யா மூக்கு! கதவை அகலமாத் திற, மூக்கு முதல்ல வரட்டும்."

"உன் வயிறு நுழைஞ்ச கதவுதானே, என் மூக்கு நுழையாதா?" என்றான் ரெமோன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஒரு கதவுக்காகத்தான் அவன் மாதம் முழுக்கக் காத்திருக்கிறான் என்பது இவெத்துக்குத் தெரியும். வீட்டில் அவன் டிவிக்கு முன்னால் அசையாமல் கிடப்பான். உப்பு, காரம், புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும்தான் நாக்குக்குத் தெரியும் என்பதால் எதைப் போட்டாலும் பாதியில் வைத்துவிடுவான். இங்கே வந்தால்தான் பழைய ரெமோன்.

லூசியான், ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், டை கட்டி வந்திருந்தான். அவனுடைய பாட்டில் அவன் மனைவி பின்னிய சிவப்புக் காலுறையில் இருந்தது. "இது கடைசியில," என்று அதைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான். காலால் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

முதல் மூன்று பாட்டில்களும் ஒழுங்காகப் போயின. அந்த மேசையில் முதல் மிடறு மூக்குக்கு. ரெமோன் முகர்ந்து, "நல்லா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கிளாஸைத் தூக்குவார்கள். ஊரைச் சொல்வதும் கடைசியில் அவன்தான். இவெத் முகர்ந்தாள், கொப்பளித்தாள், துப்பினாள், ரொட்டி கிள்ளி வைத்தாள். அவளுடைய முதுகு நாற்காலியில் நிற்கவில்லை. வாத்து இறைச்சியை ஒதீல் பரிமாறியபோது அதன் புகை நேரே முகத்தில் அடித்து, ஒரு நொடி கண் சொருகியது. யாராவது தன்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டால் தேவலை போலிருந்தது.

"வோல்னே," என்றான் ரெமோன், மூன்றாவது பாட்டிலின் ஊர் பேரை.

"நானும் வோல்னேதான் நினைச்சேன்," என்றான் பஸ்கால் அவசரமாக.

"நீ நினைக்கறதுக்கு என்னைக்குய்யா நேரம் இருந்துச்சு?" என்றான் லூசியான்.

காலுறையை உருவினார்கள். வோல்னே.

பிறகு லூசியான் எழுந்தான். சிவப்புக் காலுறையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினான். பழைய கார்க் பாதியில் உதிர்ந்தது. பொறுமையாக மீதியை எடுத்தான். முதலில் ரெமோனுக்கு ஊற்றினான். பிறகு வரிசையாக மற்றவர்களுக்கு. இவெத்துக்கும்.

கிளாஸ் மூக்குக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிலவறையில் மழைத்தண்ணீர் புகுந்து நனைந்த அட்டைப்பெட்டி. காய வைக்காமல் சுருட்டிப்போட்ட தரைத்துணி. அதற்கு அடியில் எங்கோ, மிகத் தொலைவில், ஒரு பழம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைவிரிப்பின் மேல் வைத்தாள்.

ரெமோன் அவள் பக்கம் பார்க்கவில்லை. லூசியானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல இருந்தது. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நடுவில் தள்ளி வைத்தாள். முழங்காலால் இடித்தாள். அதைச் செல்லமாக எடுத்துக்கொண்டான் போல, அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளாஸைத் தூக்கினான்.

"யப்பா!" என்றான். "கிழவா, இத்தனை வருஷம் இதை எங்கேடா ஒளிச்சு வச்சிருந்தே? மழை விட்ட காடு. தோல். கறுத்த செர்ரி. நல்லா இருக்கான்னா கேக்கறே? இதைக் குடிச்சிட்டு நாளைக்குச் செத்தாலும் பரவாயில்லை."

எல்லோரும் குடித்தார்கள்.

இவெத் துப்பினாள். கண்ணாடி இல்லாததால் முகங்கள் கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தன. ஆனாலும் தெரிந்தன. பஸ்கால் மருந்து விழுங்குகிறவன்போல விழுங்கினான். "ஆமா... காடு," என்றான். "காடுதான்," என்றார் மேசையின் கோடியில் ஒருவர். லூசியான் தன் கிளாஸை மூக்கிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் கொடுத்தான். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. இருபது வருஷம் ஒயின் குடித்துப் பழகிய நாக்குகள், கெட்டுப்போனது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிகிற ஒயினை வரிசையாக உட்கார்ந்து குடித்தன.

ஒருவர்கூடக் கிளாஸைப் பார்க்கவில்லை. மேசைவிரிப்பின் மேல் கிடந்த அவளுடைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். ஒதீல் பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

ஒதீல் கத்தியை நிறுத்தவில்லை. "அவன் மரத்துலேர்ந்து விழுந்த மாசம். அன்னைக்கு என் அடுப்புல பால் தீஞ்சு போச்சு. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஜன்னலைத் திறந்தாங்க. அவன் மட்டும் எதுக்குக் குளிர்ல ஜன்னலைத் திறக்கறீங்கன்னான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீயும்தான் சொல்லலை. நீ இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கறே, அதைப் போட்டு உடைக்கவா? அந்தப் பஸ்காலைப் பாரு, உன் தட்டைப் பார்த்துத்தான் ஊர் பேரே சொல்றான். போன மாசம் நீ பசியில அந்தத் துணுக்கை எடுத்துத் தின்னுட்டே. பாவம், வாயைத் திறக்கவே இல்லை."

இவெத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷமாக இருட்டில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள். இரண்டு பக்கமும் ஆட்கள் விளக்கோடு நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்பாகத்தான். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை.

"காபி தரட்டுமா?"

"வேண்டாம்."

திரும்பி வந்தபோது பஸ்கால் இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தான். ரெமோன் காட்டைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் உட்காரவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"லூசியான், இது கெட்டுப்போச்சு. கார்க். இன்னொண்ணு கொண்டுவந்தியா?"

ரயில் எதுவும் போகவில்லை. அப்போது ஒன்று போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாடா!" என்றான் லூசியான். "மாட்டுக்குக் குடுக்கற மருந்து மாதிரி இருந்துச்சு. நானே கொண்டுவந்ததை நானே எப்படித் துப்பறது?" பஸ்கால் வெடித்துச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே. லூசியான் இன்னொரு பாட்டிலை எடுத்துவரக் காருக்கு எழுந்து போனான்.

ரெமோன் சிரிக்கவில்லை. கிளாஸுக்குள் பார்த்தான். முகர்ந்தான். மறுபடியும், ஆழமாக, மூச்சு அடைக்கும்வரை முகர்ந்தான். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நீ விழுந்தப்போ ஏணி கொஞ்சம் சத்தமா விழுந்துடுச்சு கிழவா," என்றான் பஸ்கால். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பஸ்காலே தலையைக் குனிந்துகொண்டான்.

ரெமோனின் காது மடல்கள் சிவந்துவிட்டன. எழுந்து போய்விடுவான் என்று இவெத் நினைத்தாள். போனால் பின்னாலேயே போக வேண்டும், காரைச் சூடாக்க வேண்டும், வழி முழுக்க அவனுடைய மௌனத்தையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதற்கான தெம்பைத் தனக்குள் தேடிப் பார்த்தாள். இல்லை.

அவன் எழுந்தான். ஆனால் வெளியே போகவில்லை. மேசைக்குக் குறுக்கே குனிந்து, அவள் பக்கத்தில் இருந்த தகர வாளியைத் தூக்கினான். உள்ளே ஒயின் அலம்பியது. தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சாவியைக் குடு," என்றான், அவளைப் பார்க்காமல்.

"நீ ஏற்கெனவே நாலு கிளாஸ் குடிச்சாச்சு. இன்னைக்கு ஓட்ட முடியாது."

"சரி. அடுத்த மாசம்."

அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கம். ஆனால் வாளி அவன் பக்கத்திலேயேதான் இருந்தது.

லூசியான் குளிரோடு உள்ளே வந்தான். இந்தப் பாட்டிலுக்குக் காலுறை இல்லை. அவசரத்துக்குத் தன் கழுத்துத்துணியைச் சுற்றியிருந்தான். கார்க் முழுசாக வந்தது. பழக்கத்தில் ரெமோனின் கிளாஸுக்குப் போன கை அந்தரத்தில் நின்றது.

"எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான் ரெமோன். கிளாஸின் வாயைக் கையால் மூடினான். "அவளுக்கு ஊத்து, அவளைக் கேளு."

ஊற்றினான். எல்லோரும் காத்திருந்தார்கள். இவெத் முகர்ந்தாள். முதலில் அவளுடைய கையிலிருந்தே கிராம்பு வந்தது. இன்றைக்கு எலுமிச்சை போடவில்லை. கிளாஸை மற்ற கைக்கு மாற்றினாள். வெயிலில் கிடந்த கல். வேலியோரத்துக் காட்டு ராஸ்பெரி. வடக்கு. ஷம்போல் ஊராக இருக்கலாம். வாயில் வைத்தவள் வாளியைத் தேடினாள். அது இல்லாததால் விழுங்கினாள். ஒரே ஒரு மடக்கு.

"நல்லா இருக்கு," என்றாள். "குடிங்க."

பஸ்கால் அவளுடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரல்கள் பழக்கத்தில் ரொட்டியைக் கிள்ளிவிட்டிருந்தன. மேல் விளிம்புவரை போன துணுக்கை அங்கே வைக்காமல் வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.